முள்முருக்கு

முள்முருக்கு என்பது அவரைக் குடும்பத்தின் எரித்ரீனா பேரினத்து மரங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இப்பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. செந்நிறப் பூங்கொத்தும் மூன்று சிற்றிலைகளும் மென்மையான கட்டையும் இவற்றின் அடையாளங்கள்.

பெரும்பாலான இனங்களின் விதைகள் நச்சுடையவை. அவற்றிலுள்ள அல்கலாய்டுகள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இதற்கு விலக்கானது எரித்ரீனா எடுலிஸ். கொலம்பியா, எக்குவடோர், பெரு நாடுகளின் அந்தீஸ் மலைச்சரிவுகளில் வளரும் இதன் பெரிய விதைகள் அவித்து உண்ணப்படுகின்றன. பச்சையாக உண்பது தீங்கு. உலர்ந்த விதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம்.

தமிழர் உண்பது விதையை அன்று, இலையை. கல்யாண முருங்கை எனப்படும் இனத்தின் இலையை அரிசியுடன் அரைத்து அடையும் வடையும் செய்வர். சளிக்கு நல்லதென்பது வழக்கு. யாழ்ப்பாணத் திருமணங்களில் கன்னிக்காலாக ஊன்றப்படுவதும் முள்முருக்குக் கிளையே. சிங்களத்தில் எறபது எனப்படும் இம்மரம் பூப்பது சித்திரைப் புத்தாண்டின் அறிகுறி.

இலங்கை மலையகத்தில் இம்மரத்தின் வரலாறு தோட்டப் பயிரோடு பிணைந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் அதன் துரை ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அங்கு முன்னிருந்த கோப்பியை அழிக்க, தேயிலை மலையெங்கும் பரவியது. அதற்கு நிழல் மரமாக வைக்கப்பட்டவற்றுள் ஒன்று, ஜாவாவில் டாடப் என வழங்கிய தென்கிழக்காசிய முள்முருக்கு இனம். அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களே காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துகின்றன என்பதை 1880களில் ஹெல்றீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். நிழலுக்கு வைத்த மரமே உரமும் தரும் என்பது இதனால் தெளிவாயிற்று.

டாடப்பைப் போத்து நட்டே வளர்க்கலாம். ஓங்கிய கிளைகளை வெட்டித் தேயிலை நிரைகளுக்கிடையே பரப்புவர். இலை விரைவில் மக்கி மண்ணில் சேரும். மழை அடித்துச் செல்லும் சரிவு மண்ணுக்கு அது மூடாக்காகவும் நிற்கும்.

1946இல் இலங்கையை எட்டிய தேயிலைக் கொப்புள நோய் இந்த நிழல் முறையை மாற்றியது. ஈரமும் மூட்டமும் இந்நோய்ப் பூஞ்சைக்கு ஏற்றவை என்பதால் உயர்மலைத் தோட்டங்களில் நிழல் குறைக்கப்பட்டது. பருவமழைக்கு முன் கிளை கழித்து வெயில் விடும் வழக்கமும் வலுப்பட்டது.

இத்தகைய உயர்மலைப் பகுதிக்கு எடுத்துக்காட்டாக, நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், பனியும் மூடுபனியும் மிகுந்த இடம். இத்தகைய உயரங்களில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவில்லியாவும் அக்கேசியாவும் நிழலுக்கும் விறகுக்கும் வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் அக்கேசியா முள்முருக்கைப் போல அவரைக் குடும்பத்தது, கிரவில்லியா அன்று.