கூழைக்கடாவும் வியாக்கியானிகளும்

பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் அடிக்கடி இடம்பெறும் உவமைகளுள் கூழைக்கடாவின் உவமையும் ஒன்று. தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி, சொரியும் இரத்தத்தால் குஞ்சுகளைப் பிழைப்பிக்கிறது என்பர். நாமும் ஊழியத்தின் தொடக்க நாட்களில், இதனை இயற்கை நூலார் கண்ட உண்மை என்றெண்ணியே பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்தபின் ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, எங்கள் குளத்து மரங்களில் வருஷந்தோறும் கூழைக்கடா குஞ்சு பொரிக்கிறது. மீனைத்தான் ஊட்டுகிறது, இரத்தத்தை நாங்கள் பார்த்ததில்லையே" என்று பணிவுடன் கூறினார். விடையளிக்க இயலாது நின்றோம். அன்று முதல், இக்கதை எந்நூல்களின் வழியாய் நம் பிரசங்க பீடத்தை அடைந்தது என ஆராயலானோம்.

கதையின் ஊற்று வேதாகமத்தில் இல்லை. 102ஆம் சங்கீதத்தின் 6ஆம் வசனத்தில் துயருற்ற ஒருவன் தன்னைப் பாழிடத்துப் பறவைக்கு ஒப்பிடுகிறான். அங்கு பேசப்படுவது தனிமையேயன்றி இரத்தமன்று. எபிரெய மூலத்திலுள்ள 'காஆத்' என்னும் சொல் எப்பறவையைக் குறிக்கும் என்பதிலும் மொழிபெயர்ப்பாளர் ஒருமனப்பட்டவரல்லர். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு அதனைக் கூழைக்கடா என்றது. லுத்தர் நாணற்புதரில் வாழும் குருகு வகையொன்றின் பெயரை இட்டார். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் சங்கீதத்தில் கூழைக்கடா என்றும், ஏசாயா 34:11இல் அதே சொல்லை நீர்க்காகம் என்றும் பெயர்த்தது. நம் தமிழ் வேதாகமமோ லேவியராகமம் 11:18இல் கூழக்கடா என்றும், சங்கீதத்தில் வனாந்தர நாரை என்றும் கூறுகிறது.

அவ்வாறாயின் இரத்தக் கதை எங்கிருந்து வந்தது? திருச்சபையின் ஆதி நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த 'பிசியோலோகஸ்' என்னும் சிறுநூலே அதனைப் பரப்பியது. குஞ்சுகள் பெற்றோரின் முகத்தில் அடிக்கின்றன. பெற்றோர் சினந்து அவற்றைக் கொன்றுவிடுகின்றன. மூன்றாம் நாளில் தாய் தன் விலாவைத் திறந்து, இரத்தத்தால் அவற்றை உயிர்ப்பிக்கிறது. இதுவே அந்நூல் கூறும் கதை. சிருஷ்டிகரை எதிர்த்த மனுக்குலமும், ஈட்டியால் குத்தப்பட்ட விலாவும் இதில் உருவகமாயின. நூலாசிரியரின் நோக்கம் பறவையியலன்று, உபதேசமே. பின்வந்தோர் அவ்வேறுபாட்டை மறந்தனர். சீரியம், அர்மீனியம், எத்தியோப்பியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் அந்நூல் பெயர்க்கப்பட்டு எங்கும் பரவிற்று.

ஆயினும் யாவரும் ஆராயாது ஏற்றனர் என்று எண்ணலாகாது. ஹிப்போவின் பேராயரான அகஸ்தீன் (354–430) இச்சங்கீதத்தை விளக்குகையில் கதையை எடுத்துரைக்கிறார். ஆனால் அது மெய்யாயிருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறிய பின்னரே அதனைக் கிறிஸ்துவுக்குப் பொருத்துகிறார். அந்த ஒரு நிபந்தனையில் ஆசிரியனின் நேர்மை விளங்குகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்விரு மனப்போக்குகளையும் ஓர் ஆசிரியரிடத்தும் அவர் மாணவரிடத்தும் காண்கிறோம். மிருகங்களைப் பற்றி 26 புத்தகங்கள் கொண்ட பெருநூலை இயற்றிய ஆல்பர்ட், இக்கதை ஏடுகளில் வாசிக்கப்படுவதேயன்றி அனுபவத்தால் நிரூபிக்கப்பட்டதன்று என்று எழுதினார். அவருடைய மாணவர் தாமஸ் அக்குவினாவின் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலோ கிறிஸ்துவையே கூழைக்கடா என்று விளிக்கிறது. ஆசிரியர் இயற்கையை ஆராய்ந்தார், பாடல் ஆராதித்தது. பாடலுக்குரிய உரிமையை ஆராய்ச்சிக்கும், ஆராய்ச்சிக்குரிய அதிகாரத்தைப் பாடலுக்கும் அளிக்கும்போதே குழப்பம் பிறக்கிறது.

1611ஆம் ஆண்டு வேதாகமத்தின் முகப்புச் சித்திரத்திலும் குஞ்சுகளோடு கூடிய இப்பறவை இடம்பெற்றது. 35 ஆண்டுகளுக்குப் பின், 1646இல், மருத்துவர் தாமஸ் பிரௌன் மக்களிடையே வழங்கிய தவறான நம்பிக்கைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் ஐந்தாம் புத்தகம் கூழைக்கடாவின் சித்திரத்தோடேயே தொடங்குகிறது. சித்திரக்காரர் அப்பறவைக்கே உரிய அலகுப்பையை வரையாது விட்டனர் என்று அவர் சுட்டிக்காட்டினார். இரத்தத்தைக் கண்டவர் பையைக் காணவில்லை! பிரௌன் அவிசுவாசியல்லர், தம் விசுவாசத்தை விளக்கித் தனிநூல் எழுதியவர்.

உண்மையில் கூழைக்கடாவின் பெற்றோர் இருவரும் மீன் பிடித்து வருகின்றன. குஞ்சு தன் தலையைப் பெற்றோரின் தொண்டைக்குள் நுழைத்து, பாதி செரித்த இரையை உண்கிறது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கூந்தன்குளத்தில், ஊருக்குள் நிற்கும் மரங்களிலேயே இப்பறவைகள் கூடு கட்டுவதால், அங்குள்ள சிறுவரும் இதனை அறிவர்.

இவ்வுவமையை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமோ? வேண்டுவதில்லை. பண்டைக் கிறிஸ்தவர் இவ்வாறு உருவகித்தனர் என்று கூறி அதனைக் கையாளலாம். இயற்கை உண்மை என்று கூறுவதே தவறு. இயற்கையைப் பற்றிக் கிறிஸ்தவர் அறியாமல் பேசினால், கேட்கும் புறமதத்தார் வேதவாக்கியங்களையும் நம்பமாட்டார் என்று ஆதியாகம வியாக்கியானத்தில் எச்சரித்தவரும் அகஸ்தீனே. சிலுவைக்குப் பறவையின் சாட்சி தேவையில்லை. மெய்யைத் தாங்கும்படி பொய்யை ஊன்றுகோலாக்கினால், கோல் முறியும் நாளில் மெய்யும் ஐயத்திற்குள்ளாகும். அன்று நம்மைத் திருத்திய பெரியவர் ஆல்பர்ட்டின் நூலை அறியார். ஆனால் ஆல்பர்ட் வேண்டிய அனுபவச் சாட்சி அவரிடம் இருந்தது. பிரசங்கிக்கப் புறப்படும் நாம், அத்தகையோருக்குச் செவிகொடுக்கவும் கற்போமாக.