மீள்நிகழ் தேதிகளைக் கணிக்கும் நிரல்களின் வரலாறு

மீள்நிகழ் தேதித் தொடர் என்பது ஒரு தொடக்கத் தேதியிலிருந்து ஒரு விதியின்படி அடுத்தடுத்து வரும் தேதிகளின் வரிசை ஆகும். "ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும்", "மாதந்தோறும் 5 ஆம் தேதி", "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை" என்பன இத்தகைய விதிகள். வங்கிக் கடன் தவணை, பள்ளிக் கால அட்டவணை, சந்தா புதுப்பித்தல், மருத்துவமனை முன்பதிவு போன்றவற்றுக்கான வலைத்தளங்கள் அனைத்தும் இத்தொடர்களைக் கணித்தே இயங்குகின்றன. இதற்குப் பயன்படும் நிரல் அமைப்பு மடக்கு (கண்ணி, சுழற்சி எனவும் வழங்கும்) எனப்படும். ஒரு நிபந்தனை நிறைவேறும் வரை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்வதே மடக்கின் வேலை.

பார்வைக்கு இது வெறும் கூட்டல் கணக்கு. ஆனால் ஜனவரி 31 க்கு ஒரு மாதம் கழித்து எந்த நாள் என்ற கேள்விக்குக் கணிதத்தில் விடை கிடையாது. மனிதர்தான் ஒரு முடிவு செய்து எழுதித் தர வேண்டும். அம்முடிவு எழுதப்படாத இடங்களில் பிழைகள் தோன்றின. பின்னர் அது வெளிப்படையான விதியாக எழுதப்பட்டது. இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்.

கணினிக்கு முன்

தேதிக் கணக்கில் விதியைத் தவறாகப் புரிந்துகொண்ட பழைய நிகழ்வு ஒன்று ரோமாபுரியில் நடந்தது. கி.மு. 45 இல் ஜூலியஸ் சீசர் நடைமுறைப்படுத்திய நாட்காட்டியில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டும். மறு ஆண்டே அவர் கொல்லப்பட்டார். அதன்பின் நாட்காட்டிப் பொறுப்பில் இருந்த குருமார் "நான்காம் ஆண்டுதோறும்" என்பதைத் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளைக் கூட்டினர். இதனால் 36 ஆண்டுகளில் 9 நெட்டாண்டுகளுக்குப் பதிலாக 12 நெட்டாண்டுகள் வந்துவிட்டன. பேரரசர் அகஸ்டஸ் சில ஆண்டுகளுக்கு நெட்டாண்டையே நிறுத்திவைத்து இதைச் சரிசெய்தார்.

இன்றைய நிரலாளர்கள் இதை "வேலிக்கம்பப் பிழை" என்பர். 10 மீட்டர் நீள வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் 10 கம்பங்கள் போதா, 11 வேண்டும். இடைவெளியை எண்ணுவதா, முனைகளை எண்ணுவதா என்ற குழப்பம் தேதி மடக்குகளில் இன்றும் தொடர்கிறது.

1582 இல் திருத்தந்தை 13 ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4 க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. நூறால் வகுபடும் ஆண்டுகளில் 400 ஆல் வகுபடுபவை மட்டுமே நெட்டாண்டு என்ற விதியும் அப்போது வந்தது. இதன்படி 400 ஆண்டுகளில் 97 நெட்டாண்டுகளும் மொத்தம் 1,46,097 நாட்களும் உண்டு. இவ்வெண் 7 ஆல் மீதியின்றி வகுபடுவதால், 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழமைகளும் அப்படியே திரும்பி வருகின்றன. இந்த ஒழுங்கே தேதிகளைச் சூத்திரத்தால் கணிக்க வழிசெய்தது. 1800 இல் கணிதவியலாளர் காஸ் ஈஸ்டர் நாளைக் கணிக்கும் படிமுறையை வெளியிட்டார். 1880 களில் கிறிஸ்டியான் செல்லர் எந்தத் தேதிக்கும் கிழமை காணும் சூத்திரத்தை அளித்தார்.

நொடிகளை எண்ணும் முறை

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியோர் நேரத்தை ஒரே எண்ணாகச் சேமித்தனர். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளே அந்த எண். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். எனவே ஒரு வாரம் கழித்து வரும் நேரத்தைக் காண 6,04,800 ஐக் கூட்டினால் போதும்.

இவ்வெண்ணைக் குறியுடைய 32 பிட்டுகளில் சேமித்தால், அது 2038 ஜனவரி 19 அன்று எல்லையைத் தொட்டுவிடும். இப்பிழை வெளிப்பட 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 30 ஆண்டுக் கடனின் தவணைகளை வரிசைப்படுத்தும் மடக்கு, 2008 பிப்ரவரியில் தொடங்கினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

1979 இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் என்ற நிரல் இருந்தது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என்ற ஐந்து புலங்களில் விதியை எழுதிவைத்தால், குறித்த நேரங்களில் அது கட்டளையை இயக்கும். ஒவ்வொரு தேதியையும் பட்டியலிடாமல் விதியை மட்டும் சுருக்கமாக எழுதும் கருத்து இதன் வழியாகப் பரவியது.

உலாவிக்கு வந்த தேதி

1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் உருவாக்கினார். அதன் தேதி வசதி அன்றைய ஜாவா மொழியிலிருந்து எடுக்கப்பட்டது. ஜாவாவின் குறைகளும் உடன் வந்தன. மாதங்கள் 0 இலிருந்து எண்ணப்பட்டதால் ஜனவரி 0 ஆகவும் டிசம்பர் 11 ஆகவும் இருந்தன. ஆண்டைக் கேட்டால் 1900 ஐக் கழித்த எண்ணே கிடைத்தது. இவ்வெண்ணுக்கு முன் "19" என்று ஒட்டி ஆண்டைக் காட்டிய வலைப்பக்கங்கள், 2000 ஜனவரி 1 அன்று "19100" என்று காட்டின.

மடக்குகளைப் பொறுத்தவரை இரண்டு பண்புகள் அதிகத் தொல்லை தந்தன.

முதலாவது, வழிந்தோடும் பண்பு. ஜனவரி 31 க்கு ஒரு மாதம் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிப்ரவரி 31 என்று கொள்ளும். அப்படி ஒரு நாள் இல்லாததால் மிகுதி நாட்களை அடுத்த மாதத்தில் சேர்த்து மார்ச் 3 என்று விடை தரும். நெட்டாண்டாயின் மார்ச் 2. மடக்கு அந்த விடையிலிருந்தே மீண்டும் கூட்டுவதால் அடுத்து வருவது ஏப்ரல் 3, மே 3. மாதக் கடைசியில் வர வேண்டிய தவணை பிப்ரவரியில் வராமலே போகும். அதன்பின் நிலையாக 3 ஆம் தேதிக்கு மாறிவிடும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. பணம் செலுத்துபவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது, தேதி மதிப்பு மாறக்கூடியதாக இருப்பது. மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தேதியை ஒரு வாரம் நகர்த்திப் பட்டியலில் சேர்த்தால், இறுதியில் பட்டியலின் எல்லா வரிகளிலும் கடைசித் தேதியே நிற்கும். கரும்பலகையில் எழுதியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாமல், "பலகையைப் பார்க்க" என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறித்துவைப்பதைப் போன்றது இது. பலகையை அழித்து எழுதினால் எல்லாப் பக்கமும் மாறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய படி எடுத்துச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

24 மணி நேரம் இல்லாத நாள்

நாளுக்கு 86,400 நொடி என்ற கணக்கு உள்ளூர்க் கடிகாரத்துக்கு எப்போதும் பொருந்துவதில்லை. கோடைகால நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரமும் மற்றொரு நாள் 25 மணி நேரமும் கொண்டவை. 25 மணி நேர ஞாயிற்றுக்கிழமையின் நள்ளிரவுத் தொடக்கத்தில் 24 மணி நேரத்தைக் கூட்டினால் அதே ஞாயிறு இரவு 11 மணி வரும். எனவே பட்டியலில் ஞாயிறு இருமுறை இடம்பெறும். இந்தியாவில் இப்போது இவ்வழக்கம் இல்லாததால், சென்னையில் சோதித்தபோது சரியாக இயங்கிய மடக்கு இலண்டனிலும் டொராண்டோவிலும் பிழைபடுவதுண்டு.

கோடைகால நேரம் மட்டுமே இதற்குக் காரணமன்று. இலங்கை 1996 மே மாதத்தில் தன் நேரத்தை உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முன்னதாக மாற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அது ஆறு மணி ஆயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. 24 மணி நேரத்தை மட்டும் கூட்டிச் செல்லும் நிரலில், கொழும்பில் காலை 9 மணிக்கு இருந்த அன்றாடக் கூட்டம் அந்த ஏப்ரலுக்குப் பிறகு 8:30 என்று காட்டப்படும்.

இத்தகைய மாற்றங்களை ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980 களில் தொடங்கிய நேரவலயத் தரவுத்தளம் பதிவுசெய்கிறது. தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்ட இத்தொகுப்பைப் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் இன்று பயன்படுத்துகின்றன.

விதியை எழுதும் தரம்

வெவ்வேறு நிறுவனங்களின் நாட்காட்டி மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாற, 1998 நவம்பரில் ஐகேலண்டர் என்ற தரம் ஆர்எஃப்சி 2445 என்ற எண்ணில் வெளிவந்தது. 2009 செப்டம்பரில் ஆர்எஃப்சி 5545 அதற்கு மாற்றாக வந்தது. மீள்நிகழ்வு விதியை ஒரே வரியில் எழுத இத்தரம் வகைசெய்தது. நிகழ்வெண் (நாள், வாரம், மாதம், ஆண்டு), இடைவெளி, கிழமை, மாதத்தின் நாள், விலக்கப்படும் தேதிகள் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கலாம். எத்தனை முறை அல்லது எந்த நாள் வரை என்று முடிவைக் கூறலாம். இரண்டையும் ஒரே விதியில் கூறக் கூடாது. முடிவே கூறாத விதி முடிவின்றித் தொடரும். ஆகவே நிரல் திரையில் தெரியும் மாதத்துக்கு மட்டும் மடக்கை ஓட்டி நிறுத்த வேண்டும்.

பிப்ரவரி 30 போன்ற இல்லாத தேதி வந்தால் அதை விட்டுவிட வேண்டும் என்று இத்தரம் தெளிவாகக் கூறியது. 31 ஆம் தேதிக்கு எழுதிய மாத விதி ஆண்டுக்கு ஏழு முறை மட்டுமே வரும். இம்முடிவு எல்லோருக்கும் ஏற்றதன்று; ஆனால் அது எழுத்தில் இருந்தது.

2009 இல் வெளிவந்த பிஎச்பி 5.3 பதிப்பு, தொடக்கம், இடைவெளி, முடிவு ஆகிய மூன்றையும் கொடுத்தால் தேதிகளை ஒவ்வொன்றாக மடக்குக்குத் தரும் வசதியைச் சேர்த்தது. இதில் முடிவுத் தேதி பட்டியலில் சேராது. விடுதியில் 10 ஆம் தேதி முதல் 15 ஆம் தேதி வரை தங்கினால் ஐந்து இரவுகள் என்பதற்கு இது பொருந்தும். அதே நாட்களில் நடக்கும் ஆறு நாள் பயிற்சி வகுப்புக்குப் பொருந்தாது. முடிவுத் தேதியையும் சேர்க்கும் விருப்பத்தேர்வு 2022 இல் 8.2 பதிப்பில்தான் வந்தது.

நிற்காத மடக்கு

எழுதப்படாத முடிவு என்ன செய்யும் என்பதை 2008 டிசம்பர் 31 காட்டியது. அன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 30 ஜிபி சூன் இசைக்கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்து நின்றன. 1980 முதல் கடந்த நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டறியும் மடக்கே காரணம். அதன் போக்கைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

நாள் 365 ஐ விட மிகுதியாக உள்ள வரை திரும்பச் செய்:
— ஆண்டு நெட்டாண்டு எனில்: நாள் 366 ஐ விட மிகுதி எனில், நாளில் 366 ஐக் கழி, ஆண்டில் 1 ஐக் கூட்டு.
— நெட்டாண்டு இல்லை எனில்: நாளில் 365 ஐக் கழி, ஆண்டில் 1 ஐக் கூட்டு.

2008 நெட்டாண்டு. டிசம்பர் 31 அதன் 366 ஆவது நாள். 366 என்பது 365 ஐ விட மிகுதி, ஆதலால் மடக்கு நிற்காது. அது 366 ஐ விட மிகுதியன்று, ஆதலால் எதுவும் கழிக்கப்படாது. மடக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. மின்கலம் முழுதும் தீரவிட்டு, மறுநாள் மீண்டும் இயக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது.

2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் அசூர் மேகக் கணிமைச் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ்களை உருவாக்கிய நிரல், ஆண்டு எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத தேதியைக் குறித்ததே காரணம்.

இன்றைய நிலை

2015 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7529, இல்லாத தேதிக்கு மூன்று தேர்வுகளை விதிக்குள்ளேயே எழுத வழிசெய்தது: விட்டுவிடுதல், முந்தைய நாளுக்குக் கொண்டுவருதல், அடுத்த நாளுக்குத் தள்ளுதல். பிப்ரவரி 29 இல் பிறந்தவரின் பிறந்தநாளை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டுவதா, பிப்ரவரி 28 இல் காட்டுவதா, மார்ச் 1 இல் காட்டுவதா என்பதை இனி விதியை எழுதுபவரே தேர்ந்தெடுக்கலாம். கிரகோரியன் அல்லாத நாட்காட்டிகளில் விதி எழுதவும் இத்தரம் இடமளித்தது.

ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வசதிக்கு மாற்றாக டெம்பொரல் என்ற புதிய வசதி உருவாக்கப்பட்டு, 2025 இல் பயர்பாக்ஸ் உலாவியில் இடம்பெற்றது. இதில் தேதி மதிப்புகள் மாறா. ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாள் கிடைக்கும். வேண்டுமானால் பிழை என்று நிறுத்தவும் கூறலாம்.

புதிய வசதியிலும் ஒரு கவனம் தேவை. முந்தைய விடையுடன் கூட்டிக்கொண்டே போனால் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28 என்று தேதி தேய்ந்துவிடும். தொடக்கத் தேதியுடன் 1, 2, 3 மாதங்களைத் தனித்தனியே கூட்டினால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சரியாக வரும். தேதி மடக்குகளைக் கற்கும் மாணவர் முதலில் பழக வேண்டிய முறை இதுவே. அடுத்து, எழுதிய நிரலை ஜனவரி 31, பிப்ரவரி 29, டிசம்பர் 31 ஆகிய மூன்று தேதிகளில் தொடங்கிச் சோதிக்க வேண்டும். மேலே கண்ட பிழைகளில் பல இச்சோதனையிலேயே வெளிப்பட்டிருக்கும்.