ஹாட் கிளப் ஐவர் இசைக்குழு

ஹாட் கிளப் ஐவர் இசைக்குழு என்பது 1934 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்ட ஒரு ஜாஸ் இசைக்குழு ஆகும். கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் இதன் முதன்மைக் கலைஞர்கள் ஆவர். ஊதுகருவிகள், பியானோ, டிரம்ஸ் எவையும் இன்றித் தந்திக்கருவிகளை மட்டுமே கொண்டு இக்குழு இசைத்தது. அமெரிக்காவின் தொடக்ககால ஜாஸ் பாடல்களை மின்பெருக்கம் இல்லாத சிறு குழுவுக்கு ஏற்ப எவ்வாறு மாற்றியமைக்கலாம் என்பதற்கு இதன் இசைத்தட்டுகள் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

நியூ ஓர்லியன்ஸ் பாணி ஜாஸ் குழுவில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பணி உண்டு. கார்னெட் மெட்டை வாசிக்கும். கிளாரினெட் அதற்கு மேல் விரைவான சுரங்களைப் பின்னிச் செல்லும். டிராம்போன் கீழ்ச் சுரங்களில் மறுமொழி கூறும். பியானோ, டிரம்ஸ் முதலியன தாளத்தைத் தாங்கும். இப்பணிகளை வேறு கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே மாற்றியமைப்பின் முதன்மைச் சிக்கலாகும். வயலின் கலைஞர் ஜோ வெனூட்டியும் கிட்டார் கலைஞர் எடி லாங்கும் 1926 முதல் வெளியிட்ட இசைத்தட்டுகள் இதற்கு ஒரு முன்னோடி ஆகும்.

தோற்றம்

ஜாங்கோ 1910 இல் பெல்ஜியத்தில் ஒரு ரோமா குடும்பத்தில் பிறந்தார். 1928 இல் அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. எஞ்சிய விரல்களைக் கொண்டு புதிய வாசிப்பு முறை ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டார்.

1934 இல் பாரிஸின் கிளாரிட்ஜ் விடுதியில் நடன இசை வாசித்த கலைஞர்கள், இடைவேளைகளில் தமக்குள் இசைத்து மகிழ்ந்ததே இக்குழுவின் தொடக்கம். கிராப்பெல்லி தனித்து வாசிக்கும்போது இரு கிட்டார்கள் துணை நிற்க, தமக்கு ஒன்று மட்டுமே துணை நிற்பதாக ஜாங்கோ குறைபட்டதால் மூன்றாவது கிட்டார் சேர்க்கப்பட்டது எனக் கூறப்படுகிறது.

தொடக்ககால உறுப்பினர்கள்

* வயலின் – ஸ்டெஃபான் கிராப்பெல்லி
* முதன்மைக் கிட்டார் – ஜாங்கோ ரைன்ஹார்ட்
* தாளக் கிட்டார்கள் – ஜோசப் ரைன்ஹார்ட் (ஜாங்கோவின் தம்பி), ரோஜர் ஷாப்பு
* டபுள் பேஸ் – லூயி வோலா

மாற்றியமைக்கும் முறை

தாளம்: டிரம்ஸின் பணியைத் தாளக் கிட்டார்கள் ஏற்றன. நான்கு எண்ணிக்கைகளிலும் தந்திகள் மீட்டப்படும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் இடக்கையின் அழுத்தத்தை உடனே தளர்த்தி ஒலி குறுக்கப்படும். இம்முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'லா போம்ப்' என்று பெயர். டபுள் பேஸ் பொதுவாக முதலாம், மூன்றாம் எண்ணிக்கைகளைத் தாங்கும்.

மெட்டு: கார்னெட், கிளாரினெட் ஆகியவற்றின் பணி பெரும்பாலும் வயலினுக்குச் சென்றது. வயலின் முன்னிற்கும்போது ஜாங்கோ வெறும் தாளம் மட்டும் வாசிப்பதில்லை. எண்மத் தாவல்களாலும் நடுங்கும் கார்டுகளாலும் ஊதுகருவிக் கூட்டம் பின்னணியில் ஒலிப்பது போன்ற உணர்வை ஏற்படுத்தினார்.

வடிவம்: ஜாங்கோவுக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. எனவே அமைப்பு வாய்மொழியாகவே முடிவு செய்யப்பட்டது. 1925 இல் வெளிவந்த 'டைனா' பாடல், நான்கு எண்ணிக்கை கொண்ட 32 ஆவர்த்தனங்களில் அ-அ-ஆ-அ என்ற வடிவில் அமைந்தது. இத்தகைய பாடலின் கார்டு வரிசை மாறாமல் சுழல, கலைஞர்கள் மாறிமாறி மனோதர்மமாக வாசிப்பர்.

ஒலியளவு: டிரம்ஸ் இல்லாததால் கிட்டாரின் மெல்லொலி மறையாமல் கேட்டது. செல்மர் நிறுவனம் 1932 முதல் தயாரித்த உரத்த ஒலியுடைய கிட்டார்களும் இதற்கு உதவின.

'டைகர் ராக்' பாடலை 1917 இல் முதன்முதலில் பதிவு செய்த ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டும் ஐவர் குழுவே. அதில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, டிரம்ஸ் ஆகியன இருந்தன. இவற்றுள் ஒன்றுகூட இல்லாமல் ஹாட் கிளப் குழு 1934 டிசம்பரில் அதே பாடலைப் பதிவு செய்தது.

பிற்காலம்

1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. ஜாங்கோ பிரான்ஸ் திரும்பினார். கிராப்பெல்லி இங்கிலாந்திலேயே தங்கினார். வயலினுக்கு மாற்றாகக் கிளாரினெட்டையும், உடன் டிரம்ஸையும் சேர்த்து ஜாங்கோ புதிய குழுவை அமைத்தார். அவருடைய 'நுவாஜ்' 1940 இல் பதிவு செய்யப்பட்டது. இருவரும் 1946 இல் இலண்டனில் மீண்டும் இணைந்து இசைத்தனர்.

ஜாங்கோ 1953 இலும் கிராப்பெல்லி 1997 இலும் காலமாயினர். கருநாடக இசை வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்துடன் இணைந்து 'கான்வர்சேஷன்ஸ்' என்ற இசைத்தொகுப்பையும் கிராப்பெல்லி வெளியிட்டுள்ளார்.

இவற்றையும் பார்க்க

* ஜாஸ்
* கிட்டார்
* வயலின்