முன்சக்கரத்தின் மேல் போட்ட பழி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம். வரலாற்று வாத்தியாருக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். போன வருஷம் வரை ஒன்றும் தெரியாது. தெரியாமலே ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி மகன் ஒரு பிக்கப் வைத்திருக்கிறான். உதகையிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவான். 8 மாதத்தில் 3 முறை முன்சக்கர டிஸ்க்கும் பேடும் மாற்றிவிட்டான். மாற்றிய சில வாரங்கள் வண்டி வெண்ணெய் போல நிற்கும். பிறகு பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும், பர்லியாறு தாண்டும்போது கருகிய வாடை வரும். ஒரு முறை மிதி பஞ்சு போல உள்ளே போய், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காமல், மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான். ஒரு பட்டறையில் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்றார்கள். இன்னொன்றில் லேத்தில் சீவிக் கொடுத்தார்கள். மூன்றாவதில் காலிப்பரையும் மாற்றினார்கள். நான் என் பங்குக்கு, "பிரேக்கிலேயே காலை வச்சுக்கிட்டு இறங்கினா இப்படித்தான்" என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை, அவன் மனைவி எதிரிலேயே.

எங்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திய நண்பர் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். சரக்கோடு 3 டன் எடையுள்ள வண்டி 1,900 மீட்டர் இறங்கினால் சுமார் 5.6 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. கொஞ்சம் டயரிலும் காற்றிலும் போகும், கியரில் இறங்கினால் எஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்குக்கு.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இதில் பிடிப்பு வந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பிரேக்கின் வரலாறு எனக்குப் பட்டது இப்படி: நிறுத்துகிற பாரத்தை யார் யார் எவ்வளவு சுமப்பது என்ற பாகப்பிரிவினைக் கதை.

நம் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு ஒருவராக நிற்பார்கள். எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை விழுந்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் தேர் திரும்பும். வீதி முனையில் அப்படித்தான் திருப்புகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை.

எங்கள் மலை ரயிலும் அப்படியே. 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய பாதை, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். இறங்கும்போது எஞ்சினை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். சிறு வயதில் வேடிக்கைக்கு நிற்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையில் பழைய செருப்புத் தோலை வைத்து ஓட்டினார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் உராய்வுப் பொருள் செய்யத் தொடங்கி, 1897-இல் ஃபெரோடோ நிறுவனம் பிறந்தது. 1902-இல் இரண்டு காரியம் நடந்தது. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். லாஞ்செஸ்டரின் பிரேக்கில் செம்பு உராய்ந்து காது கிழியக் கத்தியது, சீக்கிரம் தேய்ந்தும் போனது. டிரம் ஜெயித்தது.

அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். முன்சக்கரத்தில் வைத்தால் வண்டி குப்புறக் கவிழும் என்று பயந்தார்கள். 1920-களில் நான்கு சக்கர பிரேக் பரவியபோது, பின்னால் வருகிறவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சில கார்களின் பின்புறம் அறிவிப்பு மாட்டியிருந்தார்கள்! நான்கு சக்கரத்துக்கும் கம்பியால் சமமாக இழுப்பது பெரும்பாடு. அதைத் தீர்த்தது எண்ணெய். மால்கம் லாக்ஹெட் வகுத்த ஹைட்ராலிக் பிரேக்கை 1921-இல் டியூசன்பெர்க் கார் எடுத்துக்கொண்டது. பாஸ்கல் விதி: மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமம்.

டிரம்முக்கு ஒரு சாபம் உண்டு. சூடானால் விரிந்து, ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கோ சூடானால் தடித்து, பேடை நோக்கி வரும். காற்றிலும் திறந்து கிடக்கிறது. 1953-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார், மற்றவர்கள் முன்கூட்டியே மிதிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் மிதித்து, முதலிடம் பிடித்தது. லாஞ்செஸ்டர் அதற்கு 7 வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

அப்படியானால் எங்கள் வண்டியின் டிஸ்க் ஏன் வளைந்தது? அது வளையவே இல்லை. கரோல் ஸ்மித் என்ற பந்தயப் பொறியாளர், தான் ஆராய்ந்த 'வளைந்த' டிஸ்க்குகள் ஒவ்வொன்றிலும் பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார். அளவு மீறிச் சூடான பேடை அப்படியே அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் ஒட்டும். ஒட்டிய இடம் மேலும் சூடாகி இறுகும். தோசைக்கல்லில் ஒரே இடத்தில் மாவு பிடிப்பது போல. நடுக்கம் அங்கே பிறக்கிறது. ஆகவே டிஸ்க்கை மாற்றியதும் சீவியதும் வடுவுக்கு மருந்து. சூடு எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லை.

கேட்டவர் மேட்டுப்பாளையத்தில் ஒதுக்குப்புறமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயசாளி. அவர் வண்டியைத் தூக்கவே இல்லை. இறங்கி வந்த வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். முன்னால் சொய்யென்று ஆவி. பின் டிரம்மில் தண்ணீர் அப்படியே வழிந்தது.

"கடைசியா என்ன மாத்துனீங்கன்னு கேக்கலீங்க சார். இந்தத் தொல்லைக்கு முன்னால என்ன மாத்துனீங்க?" என்றார்.

34 வருஷம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. பையன் செலவுக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பவன். புரட்டினேன். முதல் டிஸ்க் மாற்றியதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வரி: 'பின் ஸ்பிரிங், கூடுதல் பட்டை 2'. சரக்கு கூடுதலாக ஏற்றத்தான். (அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மண்டி வாடகை என்னவென்று தெரிந்தவர்கள் அவனை முழுதாகக் குற்றம் சொல்லவும் மாட்டார்கள்.)

அந்த மாடல் பிக்கப்பில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகிறது. அதன் முனையில் ஒரு வால்வு. வண்டி காலியாக இருந்தால் பின்பாகம் உயர்ந்து நிற்கும். அப்போது பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும், இல்லாவிட்டால் காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சரக்கேறிப் பின்பாகம் அமுங்கினால் வால்வு திறந்து அழுத்தம் கூடும். பட்டை இரண்டு சேர்த்ததும் சரக்கோடும் வண்டி உயரமாகவே நின்றது. கம்பியை யாரும் சரிசெய்யவில்லை. வால்வு அதைக் காலி வண்டி என்றே நம்பியது. ஒன்றரை டன் கேரட்டை முன்சக்கரம் இரண்டும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தன.

டிரம்மைக் கழற்றினால் அட்ஜஸ்டர் துருப்பிடித்து, ஷூ எட்டாத தூரத்தில் கிடந்தது. ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்குக் காரணம் அது. பிரேக் ஆயில் கட்டஞ்சாயா நிறம். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புதிதில் 200 டிகிரிக்கு மேல் தாங்குவது, ஈரமேறினால் 140, 150 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடும். மிதி பஞ்சானது அதனால்.

பெரியவர் பட்டை இரண்டையும் கழற்றச் சொன்னார். பையன் முகம் வாடியது. கழற்றினான். அட்ஜஸ்டர், வால்வுக் கம்பி, புது ஆயில், காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ் எல்லாம் அரை நாள் வேலை. ஹப் முகத்துத் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே நான்காவது டிஸ்க்கை மாட்டினார். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்காமல் எதிரெதிராகக் கையால் அளவு வைத்து முறுக்கினார். துரு ஒரு மயிரிழை இருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும் என்றார்.

அது ஆகி 11 மாதம். அதே டிஸ்க்தான் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தவன் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்தி, சொம்பில் தண்ணீர் கேட்டான். குடிக்க என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின் டிரம்மில் நாலு சொட்டுத் தெளித்தான். சொய்யென்றது.

"பாத்தீங்களா பெரியப்பா" என்றான். பழையதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை. நானும் அன்று பேசவில்லை. இந்தப் பதிவை அவன் மனைவியும் படிப்பாள் என்று தெரியும்.