உயிரோடிருப்பதற்கு ஒரு சான்று

போரில் பட்ட வீரனுக்குக் கல்லெடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது தொல்காப்பியம். 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரி வட்டாரத்தின் நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு ஊர் திரும்பியவனின் முதுமைக்கோ இலக்கணம் எழுதியவர் அரிது. அவன் வரலாறு அலுவலகக் கோப்புகளில்தான் கிடக்கிறது.

ஓய்வூதியம் பெறும் படைவீரர் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடிருப்பதை வங்கியிலோ கருவூலத்திலோ நேரில் தோன்றி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2014 நவம்பர் 10இல் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' அதைக் கைரேகைக்கும் கருவிழிக்கும் மாற்றியது. 2021இல் கைப்பேசியில் முகம் காட்டினாலே போதும் என்றாயிற்று. அதே ஆண்டில் 'ஸ்பர்ஷ்' இணையத்தளம் வந்தது. வங்கியின் இடையீடின்றிப் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகமே ஓய்வூதியத்தை நேரடியாக வழங்கலாயிற்று. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணொளியில் கலந்தாலோசிக்கும் 'செஹத்' சேவையும் தொடங்கிற்று. மோகனூரிலிருந்தோ கொல்லிமலை அடிவாரத்திலிருந்தோ சேலத்துக்குப் பேருந்தேறும் முதியவருக்கு இவை சிறிய உதவிகள் அல்ல.

ஆயினும் சிக்கல் பெயரில் இருக்கிறது. 1970களில் இராசிபுரத்து இளைஞர் ஒருவர் படையில் சேர்ந்தார் என்று கொள்வோம். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பெயரை எழுதியிருப்பார். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் நிற்கும். மாவட்டம் சேலம். 1997 ஜனவரி 1இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ஊர் நகரவில்லை, ஆதாரில் மட்டும் முகவரி மாறிற்று. பழைய கருவூல எழுத்தர் ஆளைப் பார்த்து, "அவர்தானே இவர்" என்று தீர்த்துவிடுவார். கணினி அவ்வாறு செய்யாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலையும் அது சில வேளை ஏற்பதில்லை.

இதனால் பெரிதும் அல்லலுறுபவர் மனைவி என்பேன். படை ஆவணத்தில் அவர் பெயர் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம் என்றால், கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கோரும்போதுதான் அது தெரியவரும். அப்போது விளக்கிச் சொல்ல அவர் இருக்கமாட்டார். கணவர் இருக்கும்போதே அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ள வழியுண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்களுக்கு அந்த அலுவலகம் வெலிங்டனில் இருக்கிறது. வேண்டிய படிவங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.