ஒரு காயம், இரு சட்டங்கள்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கஞ்சிக்கோடும் வாளையாறும் இருக்கின்றன, அங்கே ஆலைகள். தெற்கே, இடுக்கி மலைமீது மூணாறும் பீருமேடும். அங்கே தேயிலைத் தோட்டங்கள். இரண்டு இடங்களிலும் தமிழகத்தினின்று சென்று உழைப்போர் பலர். ஆலையில் ஒருவர் கையை இயந்திரத்துக்கு இழக்கிறார். மலையில் ஒருவர் சரிவில் விழுந்து காலை இழக்கிறார். இருவருக்கும் நேர்ந்தது ஊனமே. ஆயினும் இருவருக்கும் கிடைத்துவந்த தொகையின் அளவும் வகையும் வெவ்வேறு. அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கும் பாரத்தை அது தொழிலாளியின் தோளினின்று இறக்கிவைத்தது. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மூணாறோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் அம்மலைக்குத் தானாக ஏறிவிடவில்லை. இரு பகுதிகளும் ஒரே மாநிலமானது 1956 நவம்பர் 1-இல்தான்.

அச்சட்டம் சலுகையோடு ஒரு நிபந்தனையையும் வைத்தது. நஷ்ட ஈட்டு ஆணையரிடம் மனுச் செய்தவர் சிவில் கோர்ட்டில் வழக்காட முடியாது. கோர்ட்டில் வழக்குத் தொடுத்தவர் ஆணையரிடம் வர முடியாது. இங்கிலாந்தின் 1897-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய தேர்வையே தொழிலாளிக்கு விட்டிருந்தது. ஒரே விபத்தில் விரலும் கண்ணும் போனால் இரண்டுக்கும் ஈடு கூட்டிக் கணக்கிடப்படும். ஆனால் முழு ஊனத்துக்கு உரிய தொகையை அக்கூட்டல் தாண்டலாகாது.

1948-இல் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. ஈ.எஸ்.ஐ. என்றால் எல்லோரும் அறிவர். 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டில்லியிலும் அத்திட்டம் தொடங்கிற்று. அதன் 53-ஆம் பிரிவு, வேலைக் காயத்துக்கு அத்திட்டத்தில் உரிமை பெற்றவர் முதலாளியிடம் வேறு நஷ்ட ஈடு கேட்க இயலாது என்றது. கேரளத்து ஒட்டுப்பலகை ஆலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், சிவில் கோர்ட்டு மூலமும் கேட்க முடியாது என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதற்கு மாற்றாக, நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுதும் மாதந்தோறும் தொகை வந்தது. பழைய சட்டம் கொடுத்ததோ ஒரே முறை மொத்தத் தொகை; அது கடனுக்கும் கல்யாணத்துக்கும் கரைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம்.

65-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. ஒரே காலத்துக்கு நோய்க்கால உதவியும் தற்காலிக ஊன உதவியும் சேர்த்துப் பெற முடியாது. எது வேண்டும் என்று தொழிலாளி தேர்ந்துகொள்ளலாம். நோய்க்கால உதவி கூலியில் 70 சதவிகிதம், ஊன உதவி 90 சதவிகிதம் என்று இருந்தபடியால், வேலையில் பட்ட காயத்தை வெறும் நோயாக எழுதிக்கொள்ள விட்டவர் நஷ்டமடைந்தார். நிரந்தர ஊன உதவியை இத்தடை தீண்டவில்லை. அதைப் பெறுகிறவர் பின்னொரு நாள் காய்ச்சலில் படுத்தால் நோய்க்கால உதவியும் பெறலாம். பலர் இதை அறியாமலே இருந்துவிட்டனர்.

மலைக்கு இவ்வேற்பாடு வரவில்லை. தேயிலை ஆலை ஆண்டு முழுதும் ஓடினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பருவ ஆலை, ஆகவே விலக்கு. தோட்டத் தொழிலாளிக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டமே கதியாயிற்று. வேலைக்குச் செல்லும் ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தால் வேறொரு சிக்கல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு, நஷ்ட ஈட்டுச் சட்டம் அல்லது மோட்டார் வாகனச் சட்டம், இரண்டில் ஒன்றின்படியே ஈடு கேட்கலாம் என்கிறது. சட்டங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு, அவற்றில் மிகக் கனமான சொல் இந்த 'அல்லது'தான். ஆணையரிடம் கணக்கு எளிது. ஓட்டியவர் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வலிக்கும் வேதனைக்கும்கூட ஈடு உண்டு. ஆனால் பெரும்பாலும் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் யாரோ நீட்டும் காகிதத்தில் கையொப்பமிடுமுன், அது எவ்விடத்துக்குச் செல்லும் மனு என்று கேட்டறிவது நலம்.

1923, 1948 ஆகிய இரு சட்டங்களின் இடத்தையும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் ஏற்றுக்கொண்டது. தோட்டங்களும் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. சேரும் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டியவர் தோட்ட முதலாளி.