பிரேசிலின் மலிவுச் சிருங்காரப் படங்கள்

சிருங்காரமும் கோமாளித்தனமும் கலந்த மலிவுப் படங்களைக் கலை வரலாற்றாசிரியர் பொருட்படுத்துவது அரிது. எனினும் 1970களில் பிரேசிலில் பெருகிய இத்தகைய படங்கள் அந்நாட்டு அரசியலோடு சேர்த்து நோக்கற்பாலன. முந்திய தலைமுறையின் பாமர இசைநகைச்சுவைப் படங்களுக்கு 'ஷன்ஷாடா' என்பது பெயர். அதன் முன்னே 'போர்னோ' என்பதை ஒட்டிப் பத்திரிகைகள் இவற்றை இகழ்ந்தன. உண்மையில், தலைப்புகள் வாக்களித்த அளவுக்குப் படங்கள் எதையும் காட்டவில்லை!

1964 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் 1968 டிசம்பரில் ஐந்தாம் நிறுவனச் சட்டத்தைப் பிறப்பித்தது. தணிக்கை இறுகியது, கிளௌபர் றோச்சா 1971 இல் நாட்டை விட்டு நீங்கினார். அதே அரசுதான், ஆண்டில் குறித்த நாட்களுக்கு உள்நாட்டுப் படங்களையே திரையிட வேண்டுமெனவும் விதித்தது. தப்ப வழியற்ற அரங்க உரிமையாளர்கள் மலிவுப் படங்களில் தாமே முதலிட்டனர். சாவோ பாவுலோவில் புகையிரத நிலையத்தை அண்டிய 'குப்பைவாய்' எனும் பகுதி இத்தொழிலின் மையமாயிற்று. படச்சுருள்களை உள்ளூர்களுக்கு அனுப்ப அது வாய்ப்பான இடம்.

மக்களைத் திசைதிருப்ப இராணுவமே இவற்றை வளர்த்தது என்பர் சிலர். இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. தணிக்கையாளர் இவற்றையும் வெட்டினர். அன்றியும், கார்லோஸ் றைக்கன்பாக் 1979 இல் எடுத்த 'தடைசெய்யப்பட்ட இன்பங்களின் தீவு', சிருங்காரப் படமாக விற்பனையாயினும், அரசியல் எதிர்ப்பாளர் ஒதுங்கிய தீவையே காட்டிற்று.

1980களின் தொடக்கத்தில் நீதிமன்ற ஆணைகளுடன் அப்பட்டமான பிறநாட்டுப் பாலியற் படங்கள் அரங்கேறின. நகைச்சுவைக்கு அங்கு இடமிருக்கவில்லை.